நாற்பத்திரண்டு மீட்டர் கடற்கரை

புத்தூர்
6.4.2025

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஹரிபிரசாத் அவர்களுக்கு வேங்கடாசலம் எழுதுவது.

இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும் தங்கை அக்ஷயாவும் குழந்தை கீர்த்தியும் அதைவிட ஒரு படி மேலாகவே இருப்பீர்கள். உங்கள் நாடு கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தும் நனையாமல் இருக்கிறது என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். அதில் அனுப்பினால் கை கூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். காகிதம் அப்படி மறையாது, மேசையிலேயே கிடக்கும். அதனால்தான் ரிஜிஸ்டர் தபாலில், உங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

மார்ச் இருபத்தாறாம் தேதி, வழக்கம்போல, திருப்பதியிலிருந்து ஜீப்பில் கிளம்பி ஏர்பேடு வழியாகப் போய்க் கீழ்முனைக்குப்பத்துக் கடற்கரையை அளந்தோம். கல்லிலிருந்து தண்ணீர் வரை நாற்பத்திரண்டு மீட்டர். 2015-இல் நீங்கள் நம் கரை அளவைப் பிரிவில் புது இன்ஜினியராகச் சேர்ந்து, சர்வேயரான நானும் நீங்களுமாக முதல் கல் நட்டபோதும் நாற்பத்திரண்டு. இடையில் ஒன்பது வருஷமும் நாற்பத்திரண்டுதான், சில சென்டிமீட்டர் முன்னே பின்னே. வங்காள விரிகுடாவில் இவ்வளவு ஒழுங்கான நடத்தை வேறு எங்கும் பதிவானதில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம். கல் அதே இடத்தில் இல்லை.

உங்களுக்கு இது தெரியாததல்ல. கல்லைக் கடல் கொண்டுபோனால் காய்ந்த, உறுதியான தரையில் புதுக் கல் நட வேண்டும். எங்கே நடுவது என்று விதியில் இல்லை. முதல் தடவை, 2015 டிசம்பர் மழையில் கல் விழுந்தபோது, வரைபடத்தில் கோடு உடையாமல் இருக்கட்டும் என்று பழைய அளவு வரும் இடமாகப் பார்த்து ஒன்பது மீட்டர் பின்னால் நட்டீர்கள். அதற்குத் 'தொடர்ச்சி காத்தல்' என்று பெயரும் வைத்தீர்கள். நான் கடப்பாரை பிடித்தேன். இருவரும் சிரித்தோம், டீ குடித்தோம். அன்று அது தப்பாகவே தெரியவில்லை. ஒன்பது மீட்டர்தானே, பங்குனியில் மணல் திரும்பி வந்துவிடும் என்றீர்கள். கொஞ்சம் வந்தது. கல் திரும்பிப் போகவில்லை.

இரண்டாவது தடவை 2018-இல் பதினாறு மீட்டர். அந்தக் கோடையில் நீங்கள் ஃபீல்டு புக்கையும் அக்ஷயாவையும் எடுத்துக்கொண்டு டாக்டர் பட்டத்துக்குக் கிளம்பினீர்கள். கீழ்முனைக்குப்பம் ஓர் அசையாத கடற்கரை என்று நீங்கள் எழுதிய ஆராய்ச்சியைக் காட்டித்தான் அடுத்த வருஷம் தெற்கே ஒரு ரிசார்ட்டுக்காரர் கடலுக்குள் கருங்கல் வரிசை போட அனுமதி வாங்கினார். அசையாத கரையில் கல் போட்டால் என்ன கெட்டுவிடும்.

அலைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எனக்கும் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியட்டும். அலை கரையில் சாய்ந்து ஏறுகிறது, நேராக இறங்குகிறது. ஏறும்போது தூக்கிய மணலை இறங்கும்போது ஒரு முழம் வடக்கே விட்டுவிடுகிறது. வருஷத்தில் எட்டு மாதம் மணல் இப்படி வடக்கே நடந்துகொண்டே இருக்கும், மழைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கருங்கல் வரிசை அந்த நடையை மறித்தது. தெற்கே ரிசார்ட்டின் கடற்கரை கொழுத்துவிட்டது. தினம் காலையில் ஆள் வைத்து வாருகோல் போட்டுக் கோலம் மாதிரி கோடு இழுக்கிறார்கள். வடக்கே குப்பத்துக்கு மணல் வரவில்லை. அலைக்கோ பசி அடங்கவில்லை. அது இருந்த மணலையே எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் உயரமாக, நெருக்கமாக வரும் அலைகள் கரையைச் சுரண்டிக் கடலுக்குள் திட்டாகப் போட்டுவைக்கும். பங்குனியில் தாழ்ந்து நீண்டு வரும் அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். அதனால் வருஷத்திலேயே கரை அகலமாக இருப்பது மார்ச் மாதத்தில். நாமும் மார்ச்சில்தான் அளப்போம், நிதியாண்டு முடிகிறது அல்லவா. ஒருவரைக் கல்யாண மண்டபத்தில் மட்டும் பார்த்துவிட்டு, இவர் தினமும் பட்டு வேட்டிதான் கட்டுகிறார் என்று எழுதுவதைப் போன்றது இது. டிசம்பரில் அளக்கலாமே என்று உங்கள் இடத்துக்கு வந்த சுரேஷ்பாபுவிடம் கேட்டேன். மழையில் ஜீப் சிக்கிக்கொள்ளும் என்றார்.

மூன்றாவது தடவை, 2021-இல், நானே முப்பத்து மூன்று மீட்டர் நகர்த்தினேன். நான்காவது தடவை, 2024-இல், முப்பத்தொன்பது. ஆக நான்கு நகர்த்தலில் தொண்ணூற்றேழு மீட்டர். கடைசிக் கல்லை வீடுகளுக்கு முன்னால் நட இடமில்லை, எல்லாம் ஈரம். அதனால் வீடுகளுக்குப் பின்னால் நட்டேன். எனக்கு அளவுகோல் பிடிக்க வரும் சுலோசனா என்ற மீனவப் பெண்ணை உங்களுக்கு நினைவிருக்கும். கல் இப்போது அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி நிற்கிறது. நடும்போது அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா சார், போன தபா எங்க வூட்டு வாசல்ல நட்ட, இந்தத் தபா கொல்லையில நட்டுக்கினு இருக்கிற. அப்ப நடுவுல இருக்கிற வூடு இன்னாது?" என்றாள்.

நான் கல்லைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினேன். இந்த ஜனவரியில் அரசாங்கமே பதில் சொல்லிவிட்டது. கல்லுக்குக் கிழக்கே உள்ளதெல்லாம் கடற்கரை என்பது நம் அறிக்கை. முப்பத்தோரு வீடுகள் கல்லுக்குக் கிழக்கே இருக்கின்றன. ஆகவே முப்பத்தோரு குடும்பங்கள் கடற்கரையை ஆக்கிரமித்து வீடு கட்டியிருக்கின்றன. காலி செய்ய நோட்டீஸ் வந்துவிட்டது. கடல் வீட்டைத் தேடி வந்தது என்று பதிவானால் உள்ளே மேட்டில் மாற்று இடம் உண்டு. வீடு கடலைத் தேடிப் போனது என்று பதிவானால் ஒன்றும் கிடையாது. விசாரணை ஜூன் பன்னிரண்டாம் தேதி.

செயற்கைக்கோள் படம் இருக்கிறதே என்பீர்கள். காட்டினார்கள். அதில் நம் கல் தெரியவில்லை, படத்தில் சீலும் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அந்தக் கரைக்குத் தெற்கே கொஞ்ச தூரத்திலிருந்துதான் செயற்கைக்கோள்களே கிளம்புகின்றன. சீல் வைத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஆபீசில் பழைய கோப்பு இல்லை. மாவட்டம் பிரித்தபோது திருப்பதியிலிருந்து நெல்லூருக்குப் போனதாம். நெல்லூரில் கேட்டால் சித்தூர் என்கிறார்கள், சித்தூரில் கேட்டால் திருப்பதி என்கிறார்கள். மணலைவிட வேகமாக நடக்கிறது அந்தக் கோப்பு.

மிச்சம் இருப்பது உங்களிடம் உள்ள ஃபீல்டு புக் ஒன்றுதான். முதல் பக்கத்தில், என் கையெழுத்தில், 'கங்கம்மா கோயில் படியிலிருந்து முதல் கல் கிழக்கே 118 மீட்டர்' என்று இருக்கும். கீழே உங்கள் ஒப்பம், ஆபீஸ் முத்திரை, தேதி. கோயில் நகரவில்லை. இன்றைய கல் அதே படியிலிருந்து இருபத்தொரு மீட்டரில் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை அனுப்புங்கள், போதும்.

அனுப்பினால் உங்கள் ஆராய்ச்சி என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். என் வேலை என்ன ஆகும் என்பதும் தெரியும். என் வீட்டுக்காரி வள்ளியம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.

பெரியவர்களின் ஆசியுடன்,
வேங்கடாசலம்


புத்தூர்
11.5.2025

மாப்பிள்ளை ஹரிபிரசாத் அவர்களுக்கு,

உங்கள் குரல் செய்தி வந்தது. ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. அங்கே போன ஏழு வருஷத்தில் நீங்கள் என்னிடம் பேசியதில் இதுதான் நீளம் என்பதால் மூன்று தடவை கேட்டேன்.

ஃபீல்டு புக் வீடு மாறியபோது எங்கோ போயிருக்கும் என்கிறீர்கள். வாடகை ஒப்பந்தம், கீர்த்தியின் தடுப்பூசி அட்டை, ஊரிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடி, ஒன்று தவறாமல் வீடு மாறி வந்துவிட்டதாக அக்ஷயா சொல்லியிருக்கிறாள். புத்தகம் மட்டும் போய்விட்டது. கடலோரத்தில் வாழ்ந்த பழக்கம் போலிருக்கிறது.

ஒரு கல்லை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, விஞ்ஞானம் நீண்ட காலப் போக்கைத்தான் பார்க்கும் என்றும் சொன்னீர்கள். உண்மை. அந்தப் போக்கைத்தான் நாம் ஒரு கல்லை வைத்துச் செய்தோம்.

அடுத்து, உங்கள் வேலை உறுதியாகும் நேரம் இது, அக்ஷயாவும் குழந்தையும் அங்கே இருப்பது அந்த வேலையைப் பொறுத்தது, அண்ணனாக இருந்து யோசியுங்கள் என்றீர்கள். யோசித்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. என் தங்கையை நீங்கள் குறுக்கே நிறுத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். அது இவ்வளவு சீக்கிரம், நாற்பதாவது வினாடியிலேயே வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் கடைசியில் இரண்டு நாள் கடல் கொந்தளித்தது. காற்று இல்லை, மழை இல்லை, எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை. குப்பத்தின் வடக்கு முனையில் அவர்களுடைய இடுகாடு இருந்தது நினைவிருக்கும். இப்போது பாதி இருக்கிறது. மணல் செங்குத்தாக வெட்டுப்பட்டு, அந்த வெட்டிலிருந்து எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அலை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி, அடுத்த அலையில் திருப்பிக் கொண்டுவந்து போடுகிறது. நாய்கள் வந்துவிட்டன. நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. சட்டையை இரண்டு தடவை துவைத்தும் வள்ளியம்மாள் அதை வீட்டுக்குள் விடவில்லை.

சுரேஷ்பாபு பார்வையிட வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மணல் மாதிரி எடுக்கச் சொன்னார். நான் எடுத்த பையில் மணலோடு வெள்ளைத் துண்டுகளும் வந்தன. குறிப்பில் என்ன எழுதுவது என்று கேட்டேன். சுண்ணாம்புப் பொருள் மிகுதி என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பைக்கு நம்பர் போட்டுக் கட்டினேன்.

சுலோசனா பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கையில் கறுத்துப்போன வெள்ளி அரைஞாண் ஒன்று இருந்தது. இது அவள் மாமனாருடையது, மூன்று வருஷத்துக்கு முன் அவரோடு புதைத்தது என்றாள். அழவில்லை. பையைக் காட்டிக் கேட்டாள்.

"அதுல எங்க மாமன் இருந்தா குடுத்துட்டுப் போ சார். ஆபீசுக்கு அவரு எதுக்கு?"

பையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். மாதிரி குறைகிறது என்று எனக்கு மெமோ வந்திருக்கிறது.

பதினாறு வருஷமாக அரசாங்கக் காகிதங்களைப் படிக்கிறேன் மாப்பிள்ளை. எதைப் படித்தாலும் சோறு இறங்கும். அன்று மட்டும் இறங்கவில்லை. சுரேஷ்பாபு மேல் வந்த அருவருப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், அந்தக் குறிப்பு என் கையெழுத்தில் இருந்தது. நல்ல கையெழுத்து என்று நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள்.

மறுநாள், கல்லை நான்கு தடவை நகர்த்தியதையும், கடைசி இரண்டு தடவை நானே செய்ததையும் எழுதிக் கொடுத்தேன். சுரேஷ்பாபு படித்தார், நிதானமாகத் திருப்பித் தந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"அண்ணா, இணைப்பு எங்க? ஆதாரம் லேகுண்டா, ஏதும் இல்லாம, தப்பு ஒத்துக்கிட்டா ஆபீஸ் எடுத்துக்காது."

நிரபராதி என்று நிரூபிக்க ஆதாரம் கேட்பார்கள், பார்த்திருக்கிறேன். குற்றவாளி என்று ஒப்புக்கொள்ளவும் ஆதாரம் வேண்டும் என்பது எனக்குப் புதிது.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. புத்தகத்தைத் தேடுங்கள் என்று இனிமேல் சொல்லமாட்டேன். அது எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நீங்களாகவே உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் அதற்குத் திருத்தம் என்று பெயர். வேறு யாராவது எழுதினால் வேறு பெயர். எனக்கு முதல் பெயர்தான் பிடித்திருக்கிறது. உங்கள் பெண் வளர்ந்து உங்கள் ஆராய்ச்சியைப் படிக்கும் வயது வரும். அதற்குள் கீழ்முனைக்குப்பம் வரைபடத்தில் இருக்குமா என்று தெரியாது.

இப்படிக்கு,
வேங்கடாசலம்


புத்தூர்
20.6.2025

அன்புத் தங்கை அக்ஷயாவுக்கு அண்ணன் எழுதுவது.

இதை உன் பெயருக்கு, நீ வேலை செய்யும் நூலக முகவரிக்கு அனுப்புகிறேன். படித்த பிறகு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

ஜூன் மூன்றாம் தேதி காலையில் உன் போனிலிருந்து ஒரு படம் வந்தது. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் திறந்து பார்த்து முடிப்பதற்குள் நீ அதை அழித்துவிட்டாய். அதற்குள் நான் சேமித்துவிட்டேன். இந்தப் போனில் நான் வேகமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். நூற்றுப் பதினெட்டு மீட்டர், முத்திரை, தேதி, இரண்டு கையெழுத்து, எல்லாம் தெளிவாக இருந்தன. புத்தகத்தை அணைத்துப் பிடித்த உன் கட்டை விரலும் ஓரத்தில் இருந்தது. பிரிண்ட் போடும்போது அதை வெட்டிவிட்டேன்.

விசாரணையில் அதிகாரி ஓர் இளம்பெண். படத்தை நீண்ட நேரம் பார்த்தார். இது எங்கே கிடைத்தது என்று தெலுங்கில் கேட்டார். என் வீட்டுப் பரணில் இருந்தது, படம் எடுத்த பிறகு காகிதத்தைக் கரையான் அரித்துவிட்டது என்றேன். பத்து வருஷம் பொய்யை உண்மை மாதிரி எழுதியிருக்கிறேன். ஓர் உண்மையை உள்ளே கொண்டுவர ஒரு பொய் தேவைப்பட்டபோது நாக்கு தடுக்கவில்லை. அதுவும் எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் உன் பெயர் அந்த அறைக்குள் வரவில்லை.

அவர் நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாளே நேரில் கிளம்பி வந்தார். கோயில் படியில் டேப்பின் முனையை சுலோசனா பிடித்துக்கொள்ள, நான் கிழக்கே நடந்தேன். இருபத்தொரு மீட்டரில் கல். அங்கிருந்து வீடுகளுக்கு நடுவில் போய், வலைகளைத் தாண்டி, எங்கள் நாற்பத்திரண்டு மீட்டர் கணக்குப்படி அறுபத்து மூன்றில் தண்ணீர் இருந்திருக்க வேண்டும். ஐம்பத்தெட்டிலேயே கால் நனைந்தது. மிச்சம் அறுபது மீட்டருக்கு டேப்பைக் கடலுக்குள் நீட்டச் சொன்னார் அதிகாரி. படகில் போய் நீட்டினோம். அலையில் ஆடிக்கொண்டே, இங்கேதான் முதல் கல் என்று கையைத் தூக்கினேன். கரையில் நின்ற அத்தனை பேரும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். சுலோசனா மட்டும் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அங்கியே இரு சார், உனக்கும் ஒரு நோட்டீசு குடுக்கச் சொல்றேன். கடல ஆக்கிரமிச்சிக்கினு நிக்கிற."

அதிகாரியே சிரித்துவிட்டார். நோட்டீசை நிறுத்திவைத்தார். முப்பத்தோரு வீட்டுக்கும் மேட்டில் இடம் கொடுக்கப் பரிந்துரை எழுதியிருக்கிறார். பரிந்துரை இடமாக மாற எத்தனை மார்ச் ஆகும் என்று தெரியாது. ஐப்பசி அதற்குக் காத்திருக்காது. ஆனால் அந்த மக்களை இனி யாரும் திருடர் என்று எழுத முடியாது. அளவுகளை இனிமேல் கோயில் படியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றும் உத்தரவு. கருங்கல் வரிசையைப் பற்றி வேறு கமிட்டி பார்க்குமாம். ரிசார்ட்டில் இன்று காலையும் கோடு இழுத்திருந்தார்கள்.

என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். இந்தத் தடவை இணைப்பு சரியாக இருந்தது. வள்ளியம்மாளிடம் அன்றே சொன்னேன். மூன்றாம் நாள், இனிமேல் அந்த நாற்றத்தோடு வீட்டுக்கு வரமாட்டீர்கள் அல்லவா என்று மட்டும் கேட்டாள்.

விசாரணைக் குறிப்பின் நகல் உன் வீட்டுக்காரருடைய பல்கலைக்கழகத்துக்கும் போகும். நான் அனுப்பவில்லை, அதிகாரி அனுப்புகிறார். ஒரு வாரம் முந்திக்கொண்டு அவரே எழுதிவிட்டால் நல்லது என்று அவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினேன். கை கூப்பும் பொம்மைகூட வரவில்லை. அவர் உன்னிடம் கேட்டால் என்ன சொல்வாய் என்று நான் கேட்கப்போவதில்லை. படம் அனுப்பிய அன்றே நீ அதை யோசித்திருப்பாய். சின்ன வயதிலிருந்தே செய்துவிட்டுத்தான் சொல்வாய், அதற்குப் பல தடவை நான் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டவில்லை.

வழக்கமாகக் கடிதத்தின் கடைசியில் உனக்கு எழுதும் தீர்க்கசுமங்கலி ஆசியை எழுத வந்தேன். அதில் உன் நலம் முழுவதும் இன்னொருவர் நலத்தைப் பிடித்துத் தொங்குகிறது. அதனால் இந்தத் தடவை நீ நன்றாக இரு என்று மட்டும் எழுதுகிறேன். கீர்த்தியும் நன்றாக இருக்கட்டும்.

வேலை இல்லாததால் மாடி அறைக்கு நானே வெள்ளை அடித்தேன். ஜன்னலுக்குக் கொசுவலை போட்டிருக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. கதவுக்குப் பூட்டு புதிதாக வாங்கினதில் இரண்டு சாவி வந்தது, எங்களுக்கு ஒன்று போதும். மற்றதை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். வருவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை.

உன் அண்ணன்,
வேங்கடாசலம்